சிங்கப்பூர் உணவங்காடியில் குடும்பத்தோடு ஒரு வேளை: இடம் பிடிப்பது முதல் தட்டைத் திருப்பி வைப்பது வரை

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வரும் தமிழ்க் குடும்பங்கள் பல, சாப்பாட்டு நேரம் வந்தால் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. லிட்டில் இந்தியாவில் பழகிய உணவகம் ஒன்றுக்கே மூன்று வேளையும் போகின்றன. இல்லையென்றால் பேரங்காடி ஒன்றின் குளிரூட்டப்பட்ட உணவகத்தில் உட்கார்ந்து, 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் ஏறிய பில்லைப் பார்த்துத் திகைக்கின்றன. ஊர் மக்கள் அன்றாடம் சாப்பிடும் இடமோ வேறு. அதுதான் உணவங்காடி நிலையம். கூரை உண்டு, சுவர் கிடையாது. மின்விசிறி உண்டு, குளிரூட்டி கிடையாது. சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மேசைகள். தீவு முழுவதும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

தயக்கத்துக்கான காரணம் எனக்குப் புரிகிறது. பாட்டி முழுச் சைவம். அப்பாவுக்கு மாட்டிறைச்சி ஆகாது. அத்தைக்குச் சர்க்கரை நோய். சின்னவனுக்குக் காரம் நாக்கில் பட்டால் போதும், அழுகைதான். கல்லூரிப் பெண்ணுக்கோ லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சாப்பிட்டே ஆக வேண்டும். இப்படிப்பட்ட குடும்பத்தை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டால், உணவங்காடிக்குத்தான் என்பேன். உணவகத்தில் ஒரே சமையலறை. அதில் கிடைப்பதற்குத் தக்கபடி குடும்பம் வளைந்துகொடுக்க வேண்டும். இங்கே ஒரு மேசைக்கு ஐம்பது, நூறு சமையலறைகள். அவரவர் நாக்குக்கும் நோன்புக்கும் ஏற்றதை அவரவர் வாங்கி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். மேசை ஒன்று, கடைகள் பல, வாங்குவது சுற்றுச் சுற்றாக. இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான்.

கடைகள் ஏன் இவ்வளவு சிறியவை, ஒவ்வொன்றும் ஏன் ஓரிரண்டு பண்டங்களை மட்டும் விற்கிறது என்று தெரிந்துகொண்டால் வாங்குவது எளிதாகும். ஒருகாலத்தில் இந்த வியாபாரிகள் தெருவோரத்தில் வண்டியும் கூடையுமாக விற்றவர்கள். 1968, 69ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் அவர்களைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட கட்டடங்களுக்கு அவர்களைக் குடியமர்த்தியது. தெருவில் ஒரு பண்டத்துக்குப் பேர் வாங்கியவர் உள்ளே வந்த பிறகும் அதையே செய்தார். பல கடைகளில் இப்போது அவர் பிள்ளைகள் செய்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பத்துப் பதினைந்து படங்களைப் பெயர்ப்பலகையில் ஒட்டியிருக்கும் கடையைவிட, ஒரே ஒரு பண்டத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கும் கடையை நம்புங்கள்.

எந்த நிலையம், எந்த நேரம்

முதல் முறை போகிறவர்களுக்குத் தேக்கா நிலையத்தைத்தான் சொல்வேன். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் சி வாசலில் வெளியே வந்தால் பக்கத்திலேயே இருக்கிறது. 1982இல் திறக்கப்பட்ட கட்டடம். கீழே ஈரச்சந்தையும் (காய்கறி, மீன், இறைச்சி விற்கும் சந்தை) உணவுக்கடைகளும், மேலே துணிக்கடைகள். பிரியாணி, பிராட்டா (நம் பரோட்டாதான்), தோசை, இட்லி, சைவச் சாப்பாடு எல்லாம் தமிழிலேயே பேசி வாங்கலாம். சில அடி தள்ளிச் சீனக் கடைகளும் உண்டு. தாத்தாவும் பாட்டியும் பதற்றமில்லாமல் சாப்பிடுவார்கள். இளையவர்கள் புதியதைத் தேடிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலையும் மாலையையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டு ஊழியர்களின் வார விடுமுறை அன்றுதான். லிட்டில் இந்தியா முழுவதும் தோளோடு தோள் உரசும் கூட்டம். அந்த ஒரு நாள் அவர்களுக்கு உரியது, விட்டுக்கொடுப்பதே நல்லது.

ஆனால் தேக்காவோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது முறை ஆடம் ரோடு உணவு நிலையத்துக்குப் போகலாம். காலையில் தாவரப் பூங்காவில் நடந்துவிட்டு, அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வந்துவிடும். அளவில் சிறிய இடம், பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருக்க முடியும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கும் ஆட்டு சூப்புக்கும் பேர்போனது. சைனாடவுன் பக்கம் போனால் மேக்ஸ்வெல் உணவு நிலையம். அதே பெயருள்ள ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கோழிச் சோற்றுக்கு நீண்ட வரிசை நிற்கும் இடம் அது. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் கேலாங் சிராய் சந்தையின் மேல்தளம் வசதியானது. அங்கே பெரும்பாலும் மலாய், இந்திய முஸ்லிம் கடைகள்தான். ஒவ்வொரு கடையிலும் விசாரித்து நிற்கத் தேவையில்லை.

லாவ் பா சாட் என்ற நிலையம் பார்க்க அழகு. வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் எண்கோண மண்டபம், 1894இல் கட்டியது. மாலையானதும் பக்கத்துத் தெருவை அடைத்து மேசை போட்டு, இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்த சாத்தேயைச் சுடுவார்கள். விலை மற்ற நிலையங்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு மாலைக்கு அது தகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நகரத்துக்குள் இருக்கும் நிலையங்களில் நண்பகல் 12 மணி முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம். பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் 11 மணிக்கே போய்விடுங்கள். அல்லது 2 மணிக்குப் பிறகு. இரவு என்றால் 6 மணி. காலையில் மட்டும் திறக்கும் கடைகளும் மாலையில் மட்டும் திறக்கும் கடைகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், குறிப்பிட்ட ஒரு கடைக்காகப் போகிறீர்கள் என்றால் அதன் விடுமுறை நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துப்புரவுப் பணிக்காக நிலையம் முழுவதையும் அவ்வப்போது ஓரிரு நாள் மூடுவார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் அந்தத் தேதிகள் இருக்கும்.

கையில் என்னென்ன வேண்டும்

கைதுடைக்கும் தாளைக் கடைகள் தருவதில்லை. இரண்டு மூன்று டிஷ்யூ பொட்டலங்களும், பிள்ளைகள் இருந்தால் ஈரத்துடைப்பானும் கட்டாயம். தண்ணீரும் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்காது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் விடுதியிலிருந்து பாட்டிலில் நிரப்பி எடுத்து வாருங்கள். பணம் 2, 5, 10 வெள்ளி நோட்டுகளாக இருக்கட்டும். சிங்கப்பூர் டாலரை இங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வோம். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டுக் கடன் அட்டையைப் பல கடைகள் ஏற்பதில்லை. பலகையில் எழுதியிருக்கும் விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை. அதற்கு மேல் சேவைக் கட்டணமும் இல்லை, டிப்ஸும் இல்லை.

கையால் சாப்பிடத் தயங்க வேண்டாம். நிலையத்துக்குள்ளேயே கை கழுவும் தொட்டிகள் இருக்கின்றன. பிரியாணியையும் பிராட்டாவையும் கையால் சாப்பிடுகிறவர்களை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். கழிப்பறைக்குச் சில இடங்களில் சில்லறைக் காசு கேட்பார்கள் என்பதால் நாணயங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேசை

உணவை வாங்கிக்கொண்டு இடம் தேடுவது குடும்பத்தோடு செய்யக்கூடாத காரியம். சூடான சூப் கையில், பிள்ளை காலடியில், மேசை எங்கும் இல்லை என்ற நிலை வரும். முதலில் இடம் பிடியுங்கள். காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தையோ குடையையோ வைத்தால் அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இதைச் "சோப்" செய்வது என்பார்கள். சட்டமில்லை, ஊர் வழக்கம்; பெரும்பாலும் மதிக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. தட்டோடு ஒரு முதியவர் நிற்கும்போது, ஆளில்லாத ஆறு இருக்கைகளை ஒரு காகிதப் பொட்டலம் காத்துக்கொண்டிருப்பது சரியில்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை. தாத்தா, பாட்டி, குழந்தை ஆகியோரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் வாங்கப் போகலாம்.

மேசைகளும் முக்காலிகளும் பெரும்பாலும் தரையோடு பொருத்தப்பட்டவை. இழுத்துப் போட்டுச் சேர்க்க முடியாது. எட்டுப் பேர் என்றால் அடுத்தடுத்த இரண்டு மேசைகளைத் தேடுங்கள். பல இருக்கைகளுக்கு முதுகுச் சாய்வு கிடையாது என்பது முதியவர்களுக்கு முக்கியமான செய்தி. சுவரோரத்திலோ தூணோரத்திலோ இடம் கிடைத்தால் அதை அவர்களுக்குக் கொடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருங்கள். சாத்தே சுடும் கடைக்கும், இரும்புச்சட்டியில் நூடுல்ஸ் வறுக்கும் கடைக்கும் எதிரே வேண்டாம். புகை கண்ணைக் கரிக்கும். தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்கின் பக்கத்திலும் வேண்டாம்.

கூட்ட நேரத்தில் உங்கள் மேசையில் மீதமிருக்கும் இருக்கையைக் காட்டி யாராவது "ஆள் வருகிறார்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் உட்காரச் சொல்லுங்கள். மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. எங்கே வாங்கியதையும் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடலாம். உட்கார்ந்ததும் மேசையில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு உணவை மேசைக்கே கொண்டுவரும். "செல்ஃப் சர்வீஸ்" என்று எழுதியிருந்தால் நாமேதான் எடுத்துவர வேண்டும்.

வாங்கும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

இடம் பிடித்த உடனே வாங்க ஓடாதீர்கள். மேசையில் இருவரை விட்டுவிட்டு, மற்றவர்கள் வாங்காமல் ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கே வரிசை நீளம், அதில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். அலுவலக உடையில் இருப்பவர்களும் சந்தைப் பை தூக்கிய பாட்டிமார்களும் நிற்கும் வரிசையில் நம்பி நிற்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன தொங்குகிறது என்றும் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். வாத்தும் பன்றி இறைச்சியும் முழுதாகத் தொங்குவதைப் பார்க்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்த வரிசைக்கு முதுகு காட்டும் மேசைக்கு மாறிவிடலாம்.

கடைக்காரர்களைக் கூப்பிடும் முறையும் எளிதுதான். சீனக் கடைகளில் வயதானவர்களை "அங்கிள்", "ஆண்டி" என்று கூப்பிட்டால் போதும். மலாய்க் கடையில் நடுவயதுப் பெண்ணை "மாக்சிக்" என்றும் ஆணை "பாக்சிக்" என்றும் சொன்னால் முகம் மலரும். தமிழ்க் கடைகளில் நம் அண்ணனும் அக்காவும்தான். கூட்ட நேரத்தில் அவர்கள் சுருக்கமாகப் பேசுவார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், அடுப்பில் ஒருவரே இருக்கிறார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சைவ உணவு கிடைக்குமா என்பதல்ல சிக்கல், தாராளமாகக் கிடைக்கும். சைவம்போலத் தோன்றும் அசைவம்தான் சிக்கல்.

கோழிச் சோற்றுக் கடையில் "கோழி வேண்டாம், சோறு மட்டும்" என்று கேட்டால் அது சைவமாகாது. அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் கோழி வேகவைத்த நீரிலும் வெந்தது. நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோறு தனியே இருந்தாலும், கூட வரும் சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். பக்கத்தில் வறுத்த நெத்திலி இருக்கும். லக்சாவின் குழம்பு தேங்காய்ப்பாலாகத் தெரிந்தாலும் மசாலாவில் உலர்ந்த இறால் அரைத்திருக்கும். சீன ரோஜாக் பழமும் காய்கறியும் கலந்த கலவைதான், ஆனால் அதன் கறுப்புச் சாறு இறாலிலிருந்து வருவது. யோங் தவ் ஃபூ கடையில் வரிசையாக வைத்திருக்கும் வெண்டைக்காய், பாகற்காய், தவ்வு (சோயாக் கட்டி) எல்லாம் பார்வைக்குச் சைவம். உள்ளே மீன் விழுது அடைத்திருப்பார்கள். கேரட் கேக் என்று எழுதியிருப்பது கேக்கும் இல்லை, அதில் கேரட்டும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்ந்த கட்டியைத் துண்டாக்கி முட்டையோடு வறுப்பது அது. வறுத்த காய்கறி, நூடுல்ஸ் எதிலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்க வாய்ப்புண்டு.

நம் பக்கத்துக் கடைகளிலும் கவனம் தேவை. பிராட்டாவுக்கு ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மீன் அல்லது கோழி. பருப்பு என்று கேட்டாலும் சில இந்திய முஸ்லிம் கடைகளில் தருவது தால்சாவாக இருக்கும், அதில் ஆட்டெலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம். "கறி போடாத பருப்பா?" என்று தமிழிலேயே கேட்டுவிடுங்கள், நேராகச் சொல்லிவிடுவார்கள். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸில் முட்டை இருக்கும். சொன்னால் போடாமல் செய்வார்கள், ஆனால் சட்டி அதேதான்.

எங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்? தேக்காவில் தென்னிந்தியச் சைவக் கடைகள் இருக்கின்றன. மற்ற நிலையங்கள் பலவற்றில் சீன பௌத்தச் சைவக் கடை ஒன்றாவது இருக்கும். ஆங்கிலத்தில் "வெஜிடேரியன்" என்றும் சீனத்திலும் எழுதியிருப்பார்கள். அங்கே வாத்து, மீன், கோழி என்ற பெயரில் பண்டங்கள் வைத்திருந்தால் திடுக்கிட வேண்டாம். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை அவை. இக்கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. விரத நாளில் பாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் அதை மட்டும் கேளுங்கள். பீஹூன் என்ற அரிசிச் சேமியாவை வறுத்து, மேலே பொரித்த தவ்வும் முட்டைக்கோசும் வைத்துத் தருவார்கள். நம் வீட்டுச் சேமியா உப்புமா பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும்.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். காய்கறி இருந்தாலே போதும் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஹலால்

முயிஸ் என்று அழைக்கப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் இருந்தால் கடையின் முன்னே மாட்டியிருப்பார்கள். முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் அந்தச் சான்றிதழ் இல்லாமலும் இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மலாய்ச் சொற்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது. ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் இறால், சோத்தோங் கணவாய், கம்பிங் ஆடு, தெலூர் முட்டை, சாயூர் காய்கறி. டாகிங் என்றால் இறைச்சி என்று பொருளானாலும் கடையில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். லெம்பு என்றால் மாடேதான். ரெண்டாங் (வற்றக் காய்ச்சிய மசாலாக் கறி) என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த இறைச்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாபி பன்றி.

சீனக் கடைகளில் பன்றி இறைச்சி பல வடிவங்களில் வரும். சார் குவே தியாவ் என்ற வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸில் இனிப்புச் சீனத் தொத்திறைச்சியும் கொழுப்பும், ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸில் பன்றியும் இறாலும் வெந்த சாறு. மேசையில் உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் ஹலால் உணவும் மற்றவர் மற்ற உணவும் சாப்பிடலாம், அதில் யாருக்கும் தடையில்லை. கரண்டியையும் தட்டையும் மட்டும் கலக்காதீர்கள்.

சுற்றுச் சுற்றாக வாங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கி மேசையை நிரப்பினால் பாதி ஆறிப்போகும், மீதி வீணாகும். இந்த வரிசையில் செய்து பாருங்கள். முதலில் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் உடனே கிடைக்கும் ஒன்று: இட்லி, வெறும் பிராட்டா, கோழிச் சோறு, எதுவானாலும். பசி அடங்கிய பிள்ளை மேசையில் அமைதியாக இருக்கும். அதே நேரத்தில் ஒருவர் மிக நீண்ட வரிசையில் போய் நிற்கட்டும். பெரியவர்கள் தங்களுக்கான பண்டங்களை இரண்டாவது சுற்றில் வாங்கி நடுவில் வைத்துப் பகிரலாம். ஆறு பேருக்கு நான்கு பண்டங்களில் தொடங்கினால் போதும். தேவைப்பட்டால் மீண்டும் போகலாம், கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ் ஊறிப்போகும் என்பதால் அதை வாங்கியவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிட வேண்டும்.

சோற்றுக்கு மேல் கறிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் கடைகள், சீனப் பாணியானாலும் நாசி பாடாங் என்ற மலாய்ப் பாணியானாலும், விரலால் சுட்டிக்காட்டினால் போடுவார்கள். விலை கடைசியில்தான் தெரியும். காய்கறி மலிவு, கோழி நடுத்தரம், முழு மீனும் இறாலும் எடுத்தால் விலை ஏறிவிடும். சுட்டுவதற்கு முன்பே அவற்றின் விலையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நியூட்டன் உணவு நிலையம் போன்ற இடங்களில் நண்டு, பெரிய இறால் வாங்குவதானால் எடையையும் மொத்த விலையையும் சமைக்கும் முன்பே பேசிவிடுங்கள். சாத்தேயைக் குச்சிக் கணக்கில் விற்பார்கள். பத்துக் குச்சிக்குக் குறைவாகக் கொடுக்காத கடைகள் உண்டு. தொட்டுக்கொள்ளும் குழம்பு நிலக்கடலையில் செய்தது. கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் சாத்தேயும் ரோஜாக்கும் மேசைக்கே வரக்கூடாது.

முதல் முறை போகும் அசைவக் குடும்பத்துக்கு நான் சொல்லும் பட்டியல்: ஒரு கோழிச் சோறு, ஒரு நாசி லெமாக், ஒரு மீ கோரெங், ஒரு லக்சா. மீ கோரெங் நம்மவர் கைப்பட்ட பண்டம். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை இந்திய முஸ்லிம்கள் தக்காளிச் சாறும் மிளகாயும் சேர்த்து வறுத்து உருவாக்கியது; தமிழ்நாட்டில் அது கிடையாது. எலும்பு உறிஞ்சுவதில் பிரியமுள்ளவர்கள் சூப் துலாங்கைத் தேடுங்கள். செக்கச்சிவந்த குழம்பில் ஆட்டெலும்பு கிடக்கும், மஜ்ஜையை உறிஞ்சக் குழாயும் கொடுப்பார்கள். பீச் ரோட்டில் இருக்கும் கோல்டன் மைல் உணவு நிலையம் அதற்குப் பேர்பெற்றது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு "நோ சில்லி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிளகாய் விழுதைச் சில கடைகளில் கேட்காமலே மேலே ஊற்றிவிடுவார்கள்.

செலவு? ஒரு தட்டு உணவு ஏறத்தாழ 4 முதல் 8 வெள்ளி, பானம் 1.50 முதல் 3 வெள்ளி. ஆறு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு, குடித்து, இனிப்பும் வாங்கினால் பெரும்பாலும் 50, 60 வெள்ளிக்குள் முடியும்.

குடிப்பதற்கு

பானக்கடை தனி. பல நிலையங்களில் பானக்கடைக்காரரே மேசைக்கு வந்து கேட்பார். காசை அப்போதே கொடுக்க வேண்டும்.

கோப்பி என்றால் கெட்டிப்பால் சேர்த்த காப்பி. கோப்பி ஓ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. கோப்பி சி என்றால் நீர் வற்றக் காய்ச்சிய இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும். தேநீருக்கும் இதே முறைதான்: தே, தே ஓ, தே சி. இவற்றோடு "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை இல்லை. "சியூ தாய்" என்றால் இனிப்புக் குறைவு. "பெங்" என்றால் பனிக்கட்டி போட்டது. "காவ்" என்றால் திடம். சர்க்கரை நோயுள்ளவர்கள் பாலோடு வேண்டுமென்றால் "கோப்பி சி கோசோங்" என்றும், பாலில்லாமல் வேண்டுமென்றால் "கோப்பி ஓ கோசோங்" என்றும் சொல்ல வேண்டும். வெறுமனே கோப்பி என்று கேட்டால் கோப்பையின் அடியில் கெட்டிப்பால் படிந்திருக்கும், அது முழுக்க இனிப்பு. காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பது இங்கத்திய மரபு. அதனால் ஃபில்டர் காப்பியின் மணத்தை எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். தனிச் சுவையாக எடுத்துக்கொண்டு குடித்தால் மறுநாளும் கேட்பீர்கள்.

பிள்ளைகளுக்குக் கரும்புச் சாறு, எலுமிச்சைச் சாறு, ரோஜா சர்பத்தும் பாலும் கலந்த பண்டோங். இந்திய முஸ்லிம் கடையில் தே தாரிக் கேட்டு, உயரத் தூக்கி ஆற்றுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொண்டை கரகரப்புக்குத் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் இதம்.

இனிப்பைக் கடைசியில் வாங்குங்கள். இந்த வெயிலில் ஐந்து நிமிடத்தில் உருகிவிடும். ஐஸ் கச்சாங் என்ற துருவிய பனிக்கட்டி இனிப்பு ஒரு கிண்ணத்துக்கு மூன்று கரண்டி கேட்டு வாங்கலாம். செண்டோலில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும். பல் இல்லாத தாத்தாவுக்குத் தவ் ஹுவே என்ற மெத்தென்ற சோயாப்பால் இனிப்பு, சூடாகவும் கிடைக்கும்.

எழுந்திருக்கும்போது

தட்டையும் கிண்ணத்தையும் மேசையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் இது சட்டம். முதல் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டாவது முறை 300 வெள்ளி அபராதம், அதற்கும் மேல் நீதிமன்றம். டிஷ்யூ, எலும்பு, உறிஞ்சுகுழாய் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். நடமாட முடியாத முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அதிகாரிகள் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்களுடையதைச் சேர்த்து நீங்கள் எடுத்து வையுங்கள். திருப்பி வைக்கும் அடுக்கு ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. எழுதியிருப்பதைப் பார்த்து வைப்பது அந்தத் தட்டில் அடுத்துச் சாப்பிடப்போகிறவரின் நம்பிக்கைக்காகத்தான். இந்த மேசைகளைத் துடைப்பவர்களில் பலர் நம் தாத்தா பாட்டி வயதினர். நாம் தட்டை எடுத்தால் அவர்கள் ஒருமுறை குனிவது குறையும். மிச்சத்தை விட்டுவைத்தால் மைனாவும் புறாவும் இறங்கிவிடும். அவற்றுக்கு உணவு போடுவதும் குற்றம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்லலாம். பெட்டிக்கு இருபது, முப்பது காசு கூடுதலாகக் கேட்கலாம். ரயிலில் போகிறீர்கள் என்றால் அந்தப் பொட்டலத்தை விடுதி சேரும்வரை பிரிக்காதீர்கள். ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடுவதும் குடிப்பதும் தடை. 500 வெள்ளி வரை அபராதம். மிச்சமிருக்கும் கரும்புச் சாற்றைக் கட்டண வாசலுக்கு வெளியே நின்று குடித்து முடித்துவிட்டு உள்ளே போங்கள்.